பதிவேட்டில் எழுதாத மாத்திரை

அக்கா,

போன திங்கட்கிழமை கம்பெனியின் பச்சை முதலுதவிப் பெட்டியைக் கவிழ்த்துச் சுத்தம் செய்தேன். வியாழக்கிழமை ஆடிட், துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வேலையாட்களின் நிலைமையைப் பார்க்க ஆள் அனுப்புவது. பஞ்சு, ஒட்டுத்துணி, தீக்காய மருந்து எல்லாவற்றையும் மேசையில் கொட்டியபின், டிங்சர் சிந்திக் காய்ந்த மூலையில் ஒரே ஒரு மாத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது. அட்டையிலிருந்து தனியாக வெட்டப்பட்டது. நூல் வெட்டும் டிரிம்மரால் வெட்டியது என்று பார்த்ததுமே தெரிந்தது. விளிம்பு கோணல்மாணலாக இருந்தது. நான்கு முனைகளும் விரலைக் கீறின. முதுகில் பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் மட்டும் மிச்சம். அதை வைத்து அது என்ன மாத்திரை என்று யாராலும் சொல்ல முடியாது.

வெட்டியது நான். வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டியது நீங்களோ, உங்களைப்போல் இன்னொருவரோ.

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடிதம் எழுதுகிற பழக்கம் எனக்கில்லை. செத்தவர்களுக்கு எழுதுவதில் நம்பிக்கையும் இல்லை. இருந்தாலும் உங்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை எங்காவது எழுதியாக வேண்டும். கம்பெனியின் முதலுதவிப் பதிவேட்டில் எழுதத் தவறியவள் நான்தான் என்பதால், இங்கேயாவது.

நான் தரக்கட்டுப்பாட்டு மேலாளராக இந்தக் கம்பெனிக்கு வந்தபோது, செக்கிங் பகுதி முழுக்க உங்கள் கையில் இருந்தது. நான் பல்லடத்துக்காரி, பல்கலைக்கழகத்தில் துணிநூல் படித்தவள். நீங்கள் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்து, டெய்லருக்குத் துணி எடுத்துக்கொடுக்கும் கைமடியாக இருந்து, ஓவர்லாக் மிஷின் ஓட்டி, செக்கிங்குக்கு வந்தவர். முதல் நாள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "மேடம் புத்தகத்துல படிச்சதெல்லாம் சரிதான். இந்த பீஸ்ல என்ன குறைன்னு சொல்லுங்க பாப்போம்" என்று ஒரு பனியனை நீட்டினீர்கள். இரண்டு நிமிடம் புரட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. கழுத்துப்பட்டியில் ஒரே ஒரு தையல் விட்டுப்போயிருந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, "இந்தா, இங்கன" என்றீர்கள்.

அந்தச் சிவப்பு ஸ்டிக்கருக்கு நீங்கள் வைத்திருந்த சட்டம் எனக்குப் பிடிக்கும். அம்பின் முனை குறையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒட்டியவர் அதை எடுக்கக் கூடாது. குறையைச் சரிசெய்தவர்தான் எடுக்க வேண்டும். ஒருமுறை ஷிப்மென்ட் அவசரத்தில் ஒரு பெண் சரிசெய்யாத பீஸிலிருந்து ஸ்டிக்கரை உரித்துப் போட்டதற்கு நீங்கள் போட்ட சத்தத்தில் ஃப்ளாட்லாக் மிஷின்கள்கூட ஒரு கணம் நின்றன. "ஸ்டிக்கர உரிச்சா ஓட்டை அடைஞ்சிருமாட்டி?"

இருபத்தைந்து வருடம் நின்றுகொண்டே வேலை. மேசைமேல் குனிந்து, திருப்பி, உள்பக்கம் பார்த்து, மடித்து, அடுத்தது. ஒரு ஷிப்டு, சீசன் வந்தால் ஒன்றரை ஷிப்டு. முதுகு வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். பதினொரு மணி டீக்குப் பிறகு நீங்கள் என் அறை வாசலில் வந்து நின்று உள்ளங்கையை மட்டும் நீட்டுவீர்கள். நான் பெட்டியைத் திறந்து, கழுத்தில் தொங்கும் டிரிம்மரால் அட்டையிலிருந்து ஒன்றை நறுக்கித் தருவேன். பேச்சே இருக்காது. சில நாள் மதியச் சோற்றுக்குப் பிறகு இன்னொன்று. "ஊறுகா மாதிரி மேடம், இது இல்லாம சோறு எறங்க மாட்டேங்கு" என்பீர்கள். நீங்கள் மட்டுமல்ல. ஒரு நாளைக்கு இருபது கைகளாவது நீளும்.

அவற்றில் ஒன்றுகூடப் பதிவேட்டில் ஏறவில்லை. ஊசி குத்திய விரலை எழுதுவோம். அயர்ன் சுட்டதை எழுதுவோம். மாத்திரை எழுதக் கூடாது என்பது நான் சேர்ந்த வாரமே எனக்குச் சொல்லப்பட்டது. எழுதினால் ஆடிட்டர் கேட்பார்: இத்தனை பேருக்கு ஏன் முதுகு வலி? நாற்காலி எங்கே? மருத்துவர் சொல்லித்தான் தருகிறீர்களா? எனவே மாதக் கடைசியில், மாத்திரையே இல்லாத அந்தப் பக்கத்தின் அடியில், சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போடுவேன். சரியென்றுதான் நினைத்தேன் என்று சொல்ல மாட்டேன். அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

பிறகு இடது கால் மரத்துப்போக ஆரம்பித்தது உங்களுக்கு. படியேறும்போது செருப்பு கழன்றுவிழுந்தால்கூடத் தெரியவில்லை. கோயம்புத்தூரில் ஒரு முதுகெலும்பு மருத்துவரைப் பார்க்க மூவரும் போனோம்: நீங்கள், உங்கள் மகள் ரூபி, நான். என்னைக் கூப்பிட்டது நீங்கள்தான். "எனக்காகச் சண்ட போட ஒரு ஆளு வேணும். ரூபிக்கு அழத்தான் வரும்."

அன்றைக்கு நீங்கள் செய்ததை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. மருத்துவர் முதுகை அழுத்திப் பார்க்கச் சட்டையை விலக்கினால், இடுப்புக்குச் சற்று மேலே இரண்டு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்.

"இது என்னம்மா?"

"நீங்க தேடிக்கிட்டு நிக்கக் கூடாதுல்லா டாக்டர். குறை அங்கனதான்."

அவர் சிரித்துவிட்டு எக்ஸ்ரேயைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. நீங்கள் அம்பு வைத்த இரண்டு இடங்களும் சரியாக இருந்தன.

பெரிதாகத் திறக்காமல், சிறு துளைகள் வழியாகக் கருவியை விட்டு, எலும்பில் திருகு வைக்கிற முறை. தசையை அதிகம் வெட்ட மாட்டார்கள், ரத்தம் குறைவாகவே போகும், இரண்டாம் நாளே நடக்கலாம் என்றார். நான் ஒரு தாளில் பதினொரு கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எந்த விளம்பரத் தாளையும் நம்புகிறவள் இல்லை நான். கிருமி பற்றிக் கேட்டேன், திருகு கழன்றால் என்ன என்று கேட்டேன், மயக்க மருந்து பற்றிக் கேட்டேன். "உங்க கூட வந்தவங்க இன்ஸ்பெக்‌ஷன் பண்ற மாதிரியே கேக்கறாங்க" என்றார் மருத்துவர். "அவுக வேலையே அதுதான்" என்று பெருமையாகச் சொன்னீர்கள்.

பதினொன்றும் முடிந்தபின் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களாம்மா? ரத்தம் உறையாம இருக்க, சுகர், பிரஷர்?"

"ஒண்ணுங் கெடையாது டாக்டர். நான் ஆரோக்கியமான ஆளு."

அவர் என்னைப் பார்த்தார். "இல்லீங்க டாக்டர்" என்றேன்.

அக்கா, நீங்கள் பொய் சொல்லவில்லை. மாத்திரை என்றால் உங்களுக்குச் சீட்டெழுதி வாங்குவது, காலை மாலை என்று பெட்டியில் பிரித்து வைப்பது. பதினொரு மணிக்கு வாங்கிப் போடுவது டீ மாதிரி. யாராவது "டீ குடிப்பீர்களா" என்று நோயாளியிடம் கேட்டுக் குறித்துக்கொள்வார்களா? நம் கம்பெனியில் அன்று யாரைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது. வரவில்லை என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தது. அவர் கண் என் பக்கம் திரும்பிய அந்த ஒரு நொடியில் பச்சைப் பெட்டியும், டிரிம்மரும், நீட்டிய உங்கள் உள்ளங்கையும் தெரிந்தன. சொன்னால் அடுத்த கேள்வி வரும். யார் கொடுத்தது, எவ்வளவு நாளாக, யார் சொல்லி. அவர் மருத்துவர்; ஆடிட்டர் இல்லை. அவருக்கும் நம் பதிவேட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் பல வருடப் பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது: இல்லீங்க. அதற்குள் அவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள்கூட நீங்கள் வேலைக்கு வந்தீர்கள். பெட்டியிலிருந்து இரண்டு மாத்திரை கொடுத்தேன்.

சிகிச்சை நன்றாக முடிந்தது. ரத்த இழப்பு மிகக் குறைவு என்று எழுதியிருந்தார்கள். நானே வாங்கிப் படித்தேன். உங்கள் முதுகில் நான்கு சின்னக் கட்டுகள். ரூபி செல்போனில் படமெடுத்துக் காட்டியபோது, "இம்புட்டுதானா? நாலு பட்டன்ஹோல்லா" என்றீர்கள். எனக்கும் அந்தத் தாளைப் படித்தபின் பாரம் இறங்கிவிட்டது.

மிஷினிலிருந்து இறங்கிய துணியை உடனே அளக்கக் கூடாது என்பதை நம் வேலையில் எல்லோருக்கும் சொல்லித் தருவது நான்தான். ஒரு நாள் முழுக்கத் தளரவிட்டு, பிறகு அளந்தால்தான் உண்மை அளவு தெரியும். முதல் அளவை நம்பி வெட்டியவர்களிடம் எத்தனை முறை கத்தியிருக்கிறேன். மருத்துவமனையில் முதல் அளவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பல்லடம் பஸ் ஏறிவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு நான் திரும்பி வந்தபோது உங்களை நடக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். கட்டிலிலிருந்து நான்கு அடி வந்தீர்கள். "ஏ மேடம், பாத்தியளா, ராணி மாதிரி..." என்று தொடங்கிய வாக்கியம் முடியவில்லை. உதடு, பனியன் துணி வெளுத்தபின் இருக்குமே, அந்த நிறத்துக்குப் போனது. அப்படியே சரிந்தீர்கள். நான் பிடித்தேன். உங்கள் கை ஈரமாக, சில்லென்று இருந்தது.

அதன்பின் நடந்தவை வேகமாக நடந்தன. ரத்தத்தை எடுத்து ஓடினார்கள். சிகிச்சைக்கு முன் ஹீமோகுளோபின் அளவு பத்துக்குச் சற்று மேலே இருந்தது, நம் ஊர்ப் பெண்களுக்கு அதுவே வழக்கம் என்று விட்டிருந்தார்கள். இப்போது ஏழுக்கும் கீழே. ஸ்கேன் எடுத்தார்கள். புரட்டிப் படுக்கவைத்தபோது கட்டுக்கு வெளியே, விலாவரை, தோல் கத்தரிப்பூ நிறத்தில் வீங்கியிருந்தது.

மருத்துவர் ரூபியிடமும் என்னிடமும் நிதானமாகச் சொன்னார். "திறந்து பண்ணும்போது ரத்தம் வெளிய வந்துரும், எவ்வளவுன்னு கண்ணுல தெரியும். துளை வழியா பண்ணும்போது வெளிய வர்றது கம்மிதான். ஆனா உள்ள தசைக்கு நடுவுல கசிஞ்சு தேங்கும். ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் கணக்கு தெரியும். வழக்கமா உடம்பு தாங்கிக்கும். இவங்களுக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம். நரம்பை அழுத்தலை, அது நல்ல விஷயம். ரத்தம் ஏத்தணும்."

பிறகு உங்கள் பக்கம் குனிந்தார். இந்த முறை கேள்வியை மாற்றிக் கேட்டார்.

"அம்மா, வேலை நேரத்துல வலி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"மாத்திரை போடுவேன்" என்றீர்கள், கண்ணைத் திறக்காமல்.

"என்ன மாத்திரை?"

"வலி மாத்திரைதான். அதெல்லாம் ஒரு மாத்திரையா டாக்டர்?"

"தினமுமா?"

"வலிக்கிற அன்னைக்கு."

"என்னைக்கு வலிக்காது?"

நீங்கள் யோசித்தீர்கள். "ஞாயித்துக்கெழம."

"கடைசியா எப்ப போட்டீங்க?"

"இங்கன வாரதுக்கு முந்தின நா. ரெண்டு."

"பேரு?"

பெயர் உங்களுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? நான் நறுக்கியபோதே பெயரும் இரண்டாகப் போயிற்று. நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். "கம்பெனில தருவாக" என்று மட்டும் சொன்னீர்கள். நான்தான் பெயரைச் சொன்னேன். ரூபி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

இதுதான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, இந்த மாத்திரை போடாதவர்களுக்கும் இப்படி ஆவதுண்டு என்றார். "இந்த மாதிரி வலி மாத்திரை ரத்தத்தைச் சீக்கிரம் உறைய விடாது. தெரிஞ்சிருந்தா நிறுத்திட்டு ஒரு வாரம் தள்ளி வெச்சிருப்பேன். ரத்தத்தையும் கொஞ்சம் ஏத்திட்டுச் செஞ்சிருப்பேன். அவ்வளவுதான்" என்றார். எனக்கு எப்போதும் காரணத்துக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லாததை ஏற்க மாட்டேன். அன்று முதல்முறையாக, அந்தக் குணத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஒளிந்தும் கொண்டேன்.

இரண்டு யூனிட் ஏற்றினார்கள். கம்பெனியிலிருந்து அயர்ன் மாஸ்டரும் கட்டிங்கிலிருந்து ஒருவரும் வந்து ரத்தம் கொடுத்தார்கள். மறுநாள் உங்கள் கன்னத்தில் நிறம் திரும்பியதும் தொடங்கிவிட்டீர்கள். "இப்ப எனக்குள்ள ஓடுதது அயர்ன் மாஸ்டர் ரத்தம். இனிமே தொட்டா சுடும், பாத்துக்கிடுங்க." ரத்த வங்கியில் அப்படிக் கிடையாது, அவர் கொடுத்தது வேறு யாருக்கோ போகும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். "சும்மா இருங்க மேடம். இதுலயும் வந்து ரிப்போர்ட்டு வாசிக்காதிய."

வீட்டுக்கு அனுப்பிய நாள். ரூபி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, தந்த தாள்களைப் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தீர்கள். அவ்வளவு வருடமும் என்னை மேடம் என்றே கூப்பிட்டவர், அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாக வேறு மாதிரி கூப்பிட்டீர்கள்.

"ஏட்டி. அன்னைக்கு டாக்டர் கேக்கும்போது, நீயும் பக்கத்துலதான இருந்த?"

குரலில் கோபம் இல்லை. ஒரு பீஸைப் புரட்டிப் பார்த்து, ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டிவிட்டு, அடுத்ததை எடுப்பீர்களே, அந்த மாதிரி சொன்னீர்கள். நான் ஒரு பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தையும் படிப்பதுபோல் வைத்துக்கொண்டேன். ரூபி வந்துவிட்டாள். நீங்கள் அவளிடம், "வண்டி வந்தாச்சா? என்னைய குறை பீஸு, செகண்ட்ஸுன்னு காதர்பேட்டை கடைக்குத் தள்ளிராதிய" என்று சிரித்தீர்கள்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி நீங்கள் பேசவே இல்லை. நான்கு மாதம் கழித்து வேலைக்கு வந்தீர்கள். கால் மரத்தது போயிருந்தது. முதுகு சாய்க்கிற நாற்காலி இல்லாமல் மேசையைத் தொட மாட்டேன் என்று மேனேஜரிடமே சொல்லி வாங்கினீர்கள். என் அறை வாசலில் கைகள் நீளும்போது அந்தப் பக்கமிருந்து உங்கள் குரல் வரும்: "என்ன மாத்திரைன்னு பேரக் கேட்டு வாங்குங்கட்டி!" அவர்கள் சிரிப்பார்கள். நான் பெயரைச் சொல்வேன். பதிவேட்டில் மட்டும் எழுதவில்லை. அப்போதும்.

போன வருடம் உங்கள் ஊர்க் கோயிலில் எல்லோருக்கும் சோறு போடும் அசனத்துக்குப் போன இடத்தில் மாரடைப்பு. முதுகுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அடக்கத்துக்கு வந்திருந்தேன். செம்மண்ணில் கால் புதைய ரூபி அருகில் நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா உங்களப் பத்தி யார்ட்டயும் ஒண்ணும் சொன்னதில்ல ஆன்ட்டி" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அந்தத் திங்கட்கிழமை அந்த ஒற்றை மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து பழைய பதிவேடுகளை இறக்கினேன். உங்கள் அறுவைச் சிகிச்சை நடந்த மாதத்தின் பக்கம். ஊசி குத்தியது மூன்று, அயர்ன் சுட்டது ஒன்று. அடியில் என் கையெழுத்து, தேதியோடு, ஒரு கோணலும் இல்லாமல். உங்கள் மேசை இழுப்பறையில் இன்னும் சிவப்பு ஸ்டிக்கர் பாதிச் சுருள் இருந்தது. ஒன்றை உரித்து, அம்பின் முனை என் பெயரைத் தொடும்படி ஒட்டினேன். இந்த மாதத்துப் பக்கத்தில், ஒன்றாம் தேதி முதல் நான் கொடுத்த ஒவ்வொரு மாத்திரையையும், ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒரு பக்கம் போதவில்லை.

வியாழக்கிழமை வந்த ஆடிட்டர் முப்பதைத் தாண்டாத பெண். நான் முன்னால் வைத்த பழைய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஸ்டிக்கர் இருந்த பக்கத்தில் நின்றாள்.

"இது என்ன மேடம்?"

"செக்கிங்ல ஒட்டறதுங்க. குறை எங்க இருக்குன்னு காட்டறதுக்கு."

"இங்க எழுதினது எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"எழுதாததுதாங்க குறை" என்றேன். அவள் பேனாவை வைத்தாள். சொன்னேன். உங்கள் பெயரைச் சொல்லவில்லை, என் பெயரைச் சொன்னேன். டீ ஆடை கட்டிப்போகும் வரை கேட்டாள். பிறகு அறிக்கையில் எழுத ஆரம்பித்தாள். மேலிடத்தில் என்னை நாளைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன ஆகும் என்று தெரியாது.

நேற்று சிங்கர் மிஷினில் தைக்கும் டெய்லர் ஒருத்தி வந்தாள். அடுத்த வாரம் கர்ப்பப்பை ஆபரேஷன், லீவு வேண்டும் என்றாள். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று நான் கேட்கவில்லை.

"வலிச்சா என்ன பண்ணுவ கண்ணு?" என்றேன்.

அவள் பச்சைப் பெட்டியைப் பார்த்தாள். மாத்திரையின் பேரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் ஒரு தாளில் எழுதி, டாக்டர் கேட்காவிட்டாலும் நீட்டு என்று கொடுத்தனுப்பினேன்.

அக்கா, நீங்கள் அன்று கேட்டதற்குப் பதில்: ஆமாங்க. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்குத் தெரியும்.

அந்தப் பக்கத்து ஸ்டிக்கரை இன்னும் எடுக்கவில்லை. ஒட்டியவள் எடுக்கக் கூடாது. சரிசெய்தவள் எடுக்கலாம். நான் இன்னும் ஒட்டியவள் மட்டும்தான்.